புதுப் பூச்சு

"போன மழையில நாலாம் வகுப்புக் கூரைக் காரை பேந்து விழுந்துச்சு. பள்ளி நிதிக்காகப் பார்வையிட வர்ற அதிகாரி மனசு வெச்சாத்தான் பிள்ளைங்க பிழைக்கும்," என்றார் தலைமையாசிரியை.

பள்ளி பளிச்சென்று இருந்தால்தான் நிதி கிடைக்கும் என்று நம்பி, உதவி ஆசிரியர்களோடு சேர்ந்து விரிசல்களைப் பூசி மறைத்தார், வெள்ளையடித்தார். பக்கத்துப் பள்ளியில் கணினிகளை இரவல் வாங்கி வைத்தார்.

வந்த அதிகாரி அசந்துபோனார். "பள்ளிக்கூடம்னா இப்படி இருக்கணும் மேடம்!"

"அப்போ நிதி, சார்?"

"அரசு கடன் பத்திரம் போட்டுத் திரட்டின பணம். இடியற நிலைமையில இருக்கற, கணினியே இல்லாத பள்ளிகளுக்குத்தான். உங்களுக்கு எதுக்கு?"

தலைமையாசிரியை சுவரைச் சுட்டிக்காட்டினார். "சார், அது மேல்பூச்சு. கணினியும் இரவல்."

அதிகாரியின் முகம் சுருங்கியது. "பணம்னதும் இப்படியா கதை கட்டுவீங்க?"

அவர் போனதும் தலைமையாசிரியை நாலாம் வகுப்பை மரத்தடிக்கு மாற்றினார்.

"ஏன் டீச்சர்?" என்றாள் ஒரு சிறுமி. "இப்பத்தானே நம்ம ரூம் அழகாச்சு!"