மல்லியின் இடது பக்கம்

"ஆறு மாசமா ஒரு குதிரையை நாலடி நடக்க வைக்க முடியல. இன்னா பண்ணிக்கினு கீற சாம்சன்?" நேராவே கேட்டுட்டேன்.

"நடக்குதுக்கா. நேத்து வாசல் கேட்டு வரைக்கும் வந்துது."

"கேட்டு வரைக்குமா! அப்போ கல்யாண மண்டபத்துக்கு அடுத்த வருசம் வந்து சேந்துடும்."

சாம்சன் சிரிச்சான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு வயித்தெரிச்சல்.

உத்திரமேரூர் வட்டாரத்துல மாப்பிள்ளை ஊர்வலம்னா எங்க சாரட்டு வண்டிதான். பந்தல், லைட்டு, சாரட்டு எல்லாம் என் வூட்டுக்காரர் முத்துகிருஷ்ணனோட தொழிலு. சாரட்டை இழுக்கறது மல்லி, ஓட்டறது சாம்சன். வெள்ளைன்னா அப்படியொரு வெள்ளைக் குதிரை.

போன தை மாசம் மானாம்பதியில என் தம்பி சுகுமார் கல்யாணத்துக்கும் மல்லிதான். அதோட சரி. இன்னா பேய் புடிச்சுதோ, கிட்ட போனா உதை. தவிட்டு பக்கெட்டை எடுத்துக்கினு போன என்னையே எகிறி உதைச்சுது. பக்கெட்டு நசுங்கிப் போச்சு. நல்ல வேளை, கால் தப்பிச்சுது.

வெளியூர்லேருந்து பழக்க வந்த ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஓடிட்டானுங்க. குதிரைகிட்ட இடது பக்கமாத்தான் போவணுமாம், அதான் முறையாம். முறைப்படி போனானுங்க, நல்லா வாங்கிக் கட்டிக்கினானுங்க.

அப்போதான் சாம்சன் வந்து, "ஆறு மாசம் குடுங்கக்கா, நானே சரி பண்றேன்"னான்.

அவன் சரி பண்ண அழகை நீங்க பார்த்திருக்கணும். முதல் மாசம் பூரா பத்தடி தள்ளி, அதுக்கு இடது பக்கமா ஸ்டூலைப் போட்டு உக்காந்துக்கினு, "மல்லி, நான்தான், நான்தான்"னு பேசினதுதான் வேலை. ரெண்டாவது மாசம் ஸ்டூலு நாலடி முன்னாடி வந்துது. மூணாவது மாசம் கழுத்துல கை வெச்சான். அன்னைக்கு என்னமோ பரீட்சையில பாஸானவன் மாதிரி எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்தான். அப்புறம் சத்தத்துக்குப் பழக்கணும்னு பிஸ்கட் டின்னைத் தட்ட ஆரம்பிச்சான். ஒரு நாளைக்கு ரெண்டே தட்டு, அதுக்கு மேல கெடையாது.

எல்லாம் அந்த இடது பக்கமே நின்னுக்கினுதான். ஏன்டா அந்தப் பக்கமே நிக்கிறான்னு எனக்கு மண்டையைக் குடைஞ்சுது, கேட்டுட்டேன்.

"அந்தப் பக்கந்தான் அதுக்கு பயம்க்கா."

"இன்னா பயம்?"

அதுக்கு மட்டும் வாயைத் தொறக்க மாட்டான்.

ஆவணி முகூர்த்தம் நெருங்கிச்சு. "இவனை நம்பினா பொழப்பு நாறிடும், வித்துடலாங்க"ன்னு வூட்டுக்காரரை நச்சரிச்சு, தாமல் ஊரு குதிரைத் தரகர் ஏகாம்பரத்தை வரவழைச்சேன். மனுஷன் மினி லாரியோடவே வந்துட்டாரு.

தோள் துண்டை எடுத்து மல்லியோட வலது கண்ணுகிட்ட ஆட்டினாரு. வெடுக்குன்னு தலையைத் திருப்பிச்சு. இடது கண்ணுகிட்ட ஆட்டினாரு. அசையவே இல்ல.

"யம்மா, இந்தக் கண்ணு போச்சு. வெளியிலேருந்து பார்த்தா தெரியாது. சரின்னா சொல்லுங்க, இப்பவே ஏத்திக்கினு போயிடறேன்."

நான் சாம்சன் பக்கம் திரும்பினேன்.

"சாம்சன்! உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா. மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போயி காட்டினேன். பார்வை திரும்பாதுன்னுட்டாங்க."

"அடப்பாவி! தெரிஞ்சேவா எங்களை ஏமாத்தின?"

"சொன்னா வித்துடுவீங்கன்னுதான் சொல்லல. வண்டியில பூட்டினா எப்படியும் ரெண்டு கண்ணு ஓரமும் மறைக்கப் பட்டை கட்டத்தான போறோம்? அந்தப் பக்கம் என் குரல் கேட்டா போதும், அது பாட்டுக்கு நடக்கும்க்கா. இன்னும் ஒரே மாசம்."

"எப்படிப் போச்சு கண்ணு?"

அவன் தலையைக் குனிஞ்சிக்கினான். "மானாம்பதி ஊர்வலத்துல சரவெடி. பொறி தெறிச்சுது."

"எந்தக் கம்மனாட்டி குதிரைகிட்ட கொண்டாந்து வெச்சான்?"

"கூட்டத்துல யாரோக்கா. விடுங்க."

விடறதாவது! கல்யாண வீடியோ வூட்லதான கீது. "எவன்னு பார்க்கறேன். அவன் வூட்டு வாசல்ல போயி நின்னு நாக்கைப் புடுங்கற மாதிரி நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்"னு உள்ள ஓடினேன்.

"வேணாம்க்கா!"ன்னு பின்னாடியே சாம்சன் கத்தினான்.

பென் டிரைவை டிவியில சொருகினேன். பேண்டு, டான்ஸு, கூட்டம். சாரட்டுல தம்பி ராஜா மாதிரி உக்காந்துக்கினு கீறான். ஒரு பையன் ஆயிரம் வாலா சரத்தை ரோட்டோரமா விரிக்கிறான். மல்லி முன்னாடி சாம்சன் கையெடுத்துக் கும்பிட்டுக்கினு நிக்கிறான். "வேணாம், கிட்ட வேணாம்"னு கெஞ்சறான்.

அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு பொம்பளைக் குரலு. "நீ தள்ளு சாம்சன்! டேய், இன்னும் கிட்ட வைடா! குதிரையும் வெடியும் ஒண்ணா வீடியோவுல விழணும். எனக்கு இருக்கறது ஒரே தம்பி!"

டிவியை ஆஃப் பண்ணேன். சத்தியமா சொல்றேன், எனக்கு ஞாபகமே இல்ல.

வெளிய வந்தேன். ஏகாம்பரம் கயித்தை அவிழ்த்துக்கினு இருந்தாரு.

"கயித்தை விடுங்க. மல்லி எங்கயும் போவாது."

என் வூட்டுக்காரர் முழிச்சாரு. "இன்னாடி ஆச்சு? வெடி வெச்சது யாருன்னு தெரிஞ்சுதா?"

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள சாம்சன் குறுக்க வந்துட்டான். "அதான் சொன்னேனே அண்ணா, கூட்டத்துல யாரோ."

"யாரோ இல்லீங்க, நான்தான்"னேன்.