செல்போனுக்கு வைத்த ஒப்பாரி

மலை உச்சிக் குளிரில், நாற்பது சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே செல்போன் பொசுக்கென்று அணைந்துபோனது. அதே பைக்குள் இருந்த டார்ச் ஒப்பாரி வைக்கத் தொடங்கியது. பையின் சொந்தக்காரர், சுடச்சுட வாங்கிய வடைப் பொட்டலத்தைச் செல்போன் மேலேயே போட்டார்.

“யாருக்குடா அழறே?” என்றது பொட்டலம்.

“எங்க அண்ணனுக்கு. குளிர் தாங்காம போயிட்டார். என்னைவிட அவர் லைட்டுக்குத்தான் வெளிச்சம் ஜாஸ்தி.”

வடைச் சூட்டில் நினைவு திரும்பிய செல்போனுக்குப் புல்லரித்தது. உயிரோடு இருந்தவரை இந்தப் பயல் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இன்னும் என்ன சொல்வானோ என்று செல்போன் மூச்சுக் காட்டாமல் கிடந்தது.

டார்ச் மெல்லச் செல்போனின் கம்பளி உறையைக் கழற்றியது. “அண்ணனுக்கு இனி எதுக்கு இது?”

உறை போனால் அடுத்த குளிருக்குத் தன் கதி என்னவென்று செல்போனுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கண்ணை மட்டும் திறந்தது.

“எடுத்துக்க தம்பி. வெளிச்சத்தைப் பத்தி என்னமோ சொன்னியே, அதை இன்னொரு தரம் சொல்லு.”