எழுத்துத் தூரம்

தையல்காரர் தன் மனைவியின் பெயரை மூன்றாவது முறையாகச் சொன்னார். ஒவ்வொரு எழுத்துக்கும் உதட்டை நன்றாக விரித்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"நடுவுல வர்றது எந்த 'ல'ங்க ஐயா?" என்று கேட்டாள் புரோகிராமர் பெண்.

"மழைக்கு வர்ற 'ழ'ம்மா."

ரயில் கவிழ்ந்து நான்கு நாள் ஆகியிருந்தது. காயம்பட்டவர்களைப் பதினோரு ஆஸ்பத்திரிகளில் பிரித்துப் போட்டிருந்தார்கள். நர்சுகள் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் ஒரு பட்டியல். தேடி வந்தவர்கள் எழுதிக்கொடுத்த பெயர்கள் இன்னொரு பட்டியல். ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை. குறில் நெடிலாகியிருந்தது, ஒற்று உதிர்ந்திருந்தது, சில பெயர்களில் பாதியைக் காணோம். இரண்டையும் சேர்த்துவைக்கத்தான் அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

அவள் கையில் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று எழுத்துக் கணக்கு. ஒரு பெயரை இன்னொரு பெயராக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று அது எண்ணும்.

மற்றது காதுக் கணக்கு. அதற்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றுதான். முன்னது கறார், பின்னது தாராளம். எது தேவலை என்று சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் மேலதிகாரி.

காலையிலிருந்து இரண்டுமாகச் சேர்ந்து இருநூற்றுச் சொச்சம் பேரை வீட்டாரிடம் சேர்த்துவிட்டன. தையல்காரரின் மனைவி மட்டும் எதிலும் சிக்கவில்லை.

அவர் பிணவறையை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே இல்லை. ஆஸ்பத்திரி வாசல்களில் பெயரைக் கேட்டு, பட்டியலைப் புரட்டி, இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். வார்டுக்குள் யாரும் விடவில்லை. கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றக்கூட மறந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

எழுத்துக் கணக்கு நான்கு பேரைக் காட்டியது. நான்கு இடத்துக்கும் போன் போட்டாள். ஒருத்தி கல்லூரி மாணவி. ஒருத்தி கைக்குழந்தைக்காரி. மற்ற இருவரையும் வீட்டார் அழைத்துப் போயாகிவிட்டது.

காதுக் கணக்கு முப்பத்தேழு பேரைக் காட்டியது. அதில் மூன்று பேர் ஆண்கள்.

மிச்சம் முப்பத்து நான்கு பேருக்காகவும் போன் பேசி முடிப்பதற்குள் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒவ்வொரு முறை போனை வைக்கும்போதும் தையல்காரர் அவள் முகத்தைப் பார்ப்பார். பிறகு கேட்காமலே தலையைக் குனிந்துகொள்வார்.

பெயர் பொருந்தும் வரம்பை இன்னும் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தாள். ஆயிரத்து நூறு பெயர்கள் வந்து கொட்டின. அந்த ரயிலில் வந்த பாதிப் பேர் அவர் மனைவியானார்கள்.

கடைசியாக ஒன்று தோன்றியது.

"ஐயா, வீட்ல வேற ஏதாவது பேர் சொல்லிக் கூப்பிடுவீங்களா? செல்லப் பேரு மாதிரி? நர்ஸ் கேட்டப்ப அதைச் சொல்லியிருக்கலாம்."

"கூப்பிடறதே இல்லம்மா. தரையில ஓங்கி ஒரு மிதி மிதிப்பேன். அந்த அதிர்வுல திரும்பிப் பாப்பா."

அவளுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

"பொறந்ததுலேருந்தே காது கேக்காது. பேச்சும் வராது. எழுதப் படிக்கவும் தெரியாது. அக்கா வீட்டுக்கு இருபது வருஷமா அதே வண்டியிலதான் தனியா போய்ட்டு வருவா."

"இதை ஏன் ஐயா மொதல்லயே சொல்லலை?"

"எல்லாரும் பேரைத்தானேம்மா கேட்டீங்க."



பெயர்க் கட்டம் காலியாக இருந்த வரிகளை வேலை தொடங்கிய நாள் காலையிலேயே தன் பட்டியலிலிருந்து நீக்கியது அவள்தான். எண்ண எழுத்தும் இல்லை, கேட்க ஒலியும் இல்லை. எந்தக் கணக்குக்கும் அவை ஆகாது.

ஆஸ்பத்திரிகள் தினமும் நிரப்பிவந்த மூலக் கோப்பைத் தேடித் திறந்தாள். பெயரில்லாமல் அறுபத்து மூன்று வரிகள். பெரும்பாலும் நினைவில்லாமல் கிடந்தவர்கள். நாற்பத்தெட்டாவது வரியில் ஒரு பெண். வயது ஐம்பது இருக்கலாம். இடது முழங்கையில் சிராய்ப்பு. ஓரத்தில் யாரோ ஒரு நர்ஸ் குறித்திருந்தாள்: 'பெயர் கேட்டால் சிரிக்கிறார்.'

தையல்காரர் எழுந்தே விட்டார். "அவதாம்மா" என்றார். வாய் கோணிக்கொண்டு வந்தது.

அவள் அதற்குள் அடுத்த கட்டத்தைப் படித்துவிட்டிருந்தாள். திரையை அவர் பக்கம் திருப்ப அவளுக்குத் தெம்பில்லை.

நேற்றைய தேதி. 'காயம் ஆறியது. தேடி யாரும் வரவில்லை. அனுப்பிவிடப்பட்டார்.'