பம்பைக்காரர்

மறுநாள் தமிழாசிரியர் ஆதிகேசவனின் மகள் கல்யாணம். வாசலில் பம்பை மேளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்த முனிசாமியை அவர் நிறுத்தினார்.

"பம்பைக்காரன்னா என்னப்பா அர்த்தம்?"

"செத்துப்போன சுமங்கலியைக் கல்யாணத்துக்குக் கூப்பிடறவன்னு எங்க அப்பா சொல்வாருங்க."

"அதெல்லாம் இல்லப்பா. பம்புதல்னா பெருகி ஒலிக்கிறது. அதுலேர்ந்து வந்த பேரு. வெறும் சத்தம். சத்தத்துக்கு யாரும் எழுந்து வரமாட்டாங்க. அகராதியிலேயே இருக்குது."

"நம்ம மாகறல் ஊர்ல எல்லார் வீட்டுலயும் கூப்பிடறாங்க சார். வேணாம்னா போயிடறேன்."

"இருப்பா."

உள்ளே போனார். அகராதி வரப்போகிறது என்று முனிசாமி நினைத்தார். வந்தது, மடிப்புக் கலையாத ஒரு பச்சைப் பட்டுப்புடவை. அதைப் பூசைக்குப் போட்டிருந்த மணையில் வைத்துவிட்டு ஆதிகேசவன் சொன்னார்:

"எங்க வீட்டுக்காரி பேரு ரேணுகாம்பாள். நீ மெதுவாவே ஆரம்பிச்சுக்கப்பா. சத்தம் கேட்டா அவளுக்குத் தலைவலி வந்துடும்."