நாளைய குழந்தைகளுக்காக

எங்கள் யூனிட்டைச் சோதிக்க டென்மார்க்கிலிருந்து வந்தவர், போயும் போயும் ஸ்டாக் ரூமில் தூங்கிவிட்டார்.

துணி மூட்டைகளைத் தனியாகப் பார்க்கணும் என்று ஷூவைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனவர். ரொம்ப நேரமாக ஆளைக் காணோம். ஓனர் பாண்டுரங்கன் எட்டிப் பார்த்துவிட்டு வந்து தலையில் கைவைத்தார்.

"மூட்டை மேல சாஞ்சி தூங்கறார்டா. பக்கத்துலயே தூளி தொங்குது."

தூளியில் இருப்பது பாஞ்சாலி அக்காவின் நாலு மாசக் குழந்தை. மாமியார் பெருநகர் கிராமத்துக்குப் போய்விட்டதால் அக்கா கூடவே தூக்கி வந்திருந்தது.

நாங்கள் உத்திரமேரூரில் தைக்கும் துணிப் பைகளை வாங்குவது இவர் கம்பெனிதான். காம்பவுண்டுக்குள் குழந்தை கண்ணில் பட்டால் ஆர்டர் கட். ஸ்கூல் விட்டு அம்மாவைப் பார்க்க வந்த ஒரு பையன் கேட்டில் நின்றதற்கே வேறொரு யூனிட்டை மூட வைத்துவிட்டார்கள்.

சின்னப் பசங்களை வேலை வாங்கக் கூடாது என்பதற்காகப் போட்ட சட்டம். நல்ல சட்டம்தான். நாலு மாசக் குழந்தை எந்த மெஷினை ஓட்டும்?

அந்தப் பையில் என்ன அச்சடிக்கிறோம் தெரியுமா? 'நாளைய குழந்தைகளுக்காக.' இன்றைக்கு இருக்கிற குழந்தைக்குத்தான் உள்ளே இடமில்லை.

"இன்னிக்கு லீவு போடுன்னு சொன்னேனா இல்லியா பாஞ்சாலி?"

"போட்டா நாளைக்கு என் மெஷின்ல வேற ஆள் குந்திக்கினு இருக்கும்ணா."

பாண்டுரங்கன் மறுபடியும் ஸ்டாக் ரூம் கதவைப் பார்த்தார்.

சாப்பாட்டு நேரம் வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. மெஷின் சத்தம் கேட்டால்தான் அந்தக் குழந்தை தூங்கும். நின்றால் விழித்துக்கொள்ளும். அதனால் அக்காங்க எல்லாரும் துணியே வைக்காமல் மெஷினை ஓட்டினார்கள். ஊசி காற்றைத் தைத்தது. ஜன்னல் வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்தது. ஏரிக் காற்று வேறு. எனக்கே கண் சொக்கியது. யாரோ காணும் கனவுக்குள் எல்லாரும் உட்கார்ந்து தைக்கிற மாதிரி இருந்தது.

கரண்ட் போனது.

மொத்த மெஷினும் ஒன்றாக நின்றது. அந்த ஷெட்டில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை.

ஸ்டாக் ரூமிலிருந்து ஒரு சிணுங்கல்.

பாஞ்சாலி அக்கா முந்தானையை வாயில் வைத்துக் கடித்தது.

இரண்டாவது சிணுங்கலுக்குக் காத்திருந்தோம். வரவில்லை.

"டேய் வசந்து," பாண்டுரங்கன் கிசுகிசுத்தார். "அது வாயைத் தொறந்து கத்தறதுக்குள்ள போயி அவரை எழுப்பி வெளிய இட்டாந்துடு. நீதான் இங்கிலீஷ் பேசுவியே."

"பதினொண்ணாவதுல பாதியிலயே நின்னவன்ணா நானு. எழுப்பறதுக்கு இங்கிலீஷ்ல இன்னா?"

"பேஜார் பண்ணாதடா. தோளைத் தட்டு. அதுக்கு இன்னா இங்கிலீஷு?"

போனேன். கதவைத் தள்ளினேன். சரியாக அந்த நொடியில்தான் குறட்டை ஆரம்பித்தது. வெளியே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி பெரிய குறட்டை.

கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் திரும்பி வந்தேன்.

"இன்னாடா, தனியா வர்ற? எழுப்பலியா?"

"இல்லண்ணா. குறட்டை கேக்குதுல்ல?"

"பாப்பா?" என்றது பாஞ்சாலி அக்கா.

"அது நெஜமாவே தூங்குதுக்கா."

எழுப்பச் சொல்லித்தான் அனுப்பினார்கள். கண்ணை இறுக்க மூடிக் குறட்டை விட்டபடியே, சாக்ஸ் போட்ட காலால் தூளியை ஆட்டிக்கொண்டிருந்த மனுஷனை நான் எழுப்பவில்லை.