ரைமோவின் சைலன்சர்

"உருளைக்கிழங்கை அடுப்புல ஏத்தட்டுமா, வேண்டாமா? முதல்ல அதச் சொல்லு!"

ஐலா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தோல் சீவிக்கொண்டிருந்தாள். ஏரிக்கு அக்கரையில், மூஸ் மான் வேட்டைக்காகக் கட்டிய மர மேடையிலிருந்து அவள் கணவர் ரைமோ கிசுகிசுத்தார்.

"இன்னும் ஒண்ணும் வரல. சும்மாதான் கூப்பிட்டேன். இங்க ஒரு அணில்..."

"அணில் கதைய நேத்தே சொல்லிட்ட."

"அது நேத்து அணில். இது வேற."

"மெதுவாப் பேசு கிழவா, மானுக்குக் கேட்டுடப் போகுது."

"ஒட்டுக்கேக்கறதுக்கு அது என்ன உங்கம்மாவா?"

ஐலா சிரித்துவிட்டாள். பேசாத பின்லாந்துக்காரர்களிலும் பேசாதவர் ரைமோ. முப்பத்து நாலு வருடத்தில் எதிரே உட்கார்ந்து அவர் பேசியதையெல்லாம் ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். முன்பெல்லாம் அவர் சுட்டால் ஏரி தாண்டி சமையலறை ஜன்னல் அதிரும். மான் விழுந்தது, ஆள் சாப்பிட வருவார் என்று அவள் அடுப்பைப் பற்றவைப்பாள். மூன்று வருடத்துக்கு முன் துப்பாக்கிக்கு ஒரு சைலன்சர் வாங்கிவந்தார். "இனிமே உனக்குச் சத்தம் கேக்காது. நானே போன் பண்ணிச் சொல்றேன்" என்றார். அன்றிலிருந்து துப்பாக்கி ஊமையானது, மனுஷனுக்கு வாய் திறந்துகொண்டது.

"மூணு வருஷமா உன் கையால ஒரு மான்கூட விழல. ஊரே சிரிக்குது."

"சைலன்சர் கனம் ஐலா. முனைய இழுக்குது. குறி ரெண்டு விரக்கடை கீழ எறங்கிடுது."

"ஆமா, பழிய அது தலைல போடு."

"சரி சரி, அப்பறமாக் கூப்பிடறேன்."

அப்புறம் கூப்பிட்டது வேட்டைக் குழுத் தலைவர் பெர்த்தி. ரைமோவுக்கு மாரடைப்பு. மேடையிலேயே முடிந்துவிட்டது.

அடுத்த வேட்டைக் காலம் தொடங்க ஒரு வாரம் இருந்தபோது, பெர்த்தியை வரச்சொல்லி அந்தச் சைலன்சரை, கறுப்புக் குழாயை, மேஜைமேல் வைத்தாள் ஐலா.

"இத எடுத்துட்டுப் போயிடு. என் கண்ணுல படவே கூடாது."

"ஏம்மா? நல்ல சாமானாச்சே."

"ஆபத்துன்னா மூணு தடவ சுடறது உங்க வழக்கம்தானே? அன்னிக்கு அந்த மனுஷன் சுட்டிருப்பாரோ, இந்தச் சனியனால எனக்குக் கேக்காமப் போச்சோ... ஒரு வருஷமா இதேதான் மண்டைக்குள்ள ஓடுது."

பெர்த்தி குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தார்.

"அவன் சுடல ஐலா. சுட்டிருந்தா உனக்குக் கேட்டிருக்கும். இத மாட்டினா வெடி கொஞ்சம் மட்டுப்படும், அவ்வளவுதான். ஏரி தாண்டி நல்லாவே கேக்கும்."

"சத்தமே வராதுன்னாரே!"

"நீயே பாரு. ஒரு பொட்டுக் கரி இருக்கா? ஒரு தடவ சுட்டாலே உள்ள கறுத்துடும். அன்னிக்கு மட்டுமில்ல, இத வாங்கின நாள்லேருந்து அவன் சுட்டதே இல்ல."

ஐலா நாற்காலியில் உட்கார்ந்தாள். "குறி தப்புதுன்னாரே?"

"குறி எங்க பாத்தான்? மான் அவன் மூக்குக்கு முன்னாலயே நடந்து போகும். நாங்க வாக்கிடாக்கில கத்துவோம். 'இருங்கடா, ஐலா லைன்ல இருக்கா'ம்பான்."

"அப்ப எதுக்கு இத வாங்கினாராம்?"

"காரணமே இல்லாம பொண்டாட்டிக்கு போன் பண்ற ஆளா அவன்?"

பெர்த்தி சட்டைப்பையிலிருந்து இந்த வருட வேட்டை வரைபடத்தை எடுத்து விரித்தார். எல்லா மேடைகளுக்கும் எண் போட்டிருந்தது. ரைமோவின் ஏரிக்கரை மேடைக்கு மட்டும், போன மூன்று வருடங்களைப் போலவே, பென்சிலில் எழுதியிருந்தது: 'டெலிபோன் பூத்'.