சம்ப் வைத்த நாள்

பெண் கேட்டு வருகிற நாளில் எந்த அப்பாவாவது மீன்தொட்டிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருப்பாரா? முயீன் மாட்டிக்கொண்டிருந்தார்.

ஹாலில் குப்புறப் படுத்து, தொட்டிக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் தலையை விட்டிருந்தார். நஜ்வாவுக்குக் கணவரின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அவற்றிடமே கத்தினாள்.

"முயீன், அஞ்சரைக்கு அவங்க வந்துருவாங்க. இன்னைக்குத்தானா உனக்கு இந்த வேலை?"

"சம்ப் வைக்கிறேன்" என்றது அலமாரி.

அந்த பெய்ரூட் வீட்டில் கடல்மீன் தொட்டிதான் மூத்த பிள்ளை. மகள் லமீஸ் இரண்டாவதுதான். இத்தனை வருஷம் நன்றாக இருந்த தொட்டிக்கு இப்போது கீழே இன்னொரு கண்ணாடித் தொட்டி, அதுதான் சம்ப். மேல்தண்ணீர் குழாய் வழியாக இதில் இறங்கி, சுத்தமாகி, மோட்டாரில் மறுபடி மேலே ஏறுமாம். மீன்களுக்கு அது சொர்க்கமாம்.

நஜ்வாவின் சொர்க்கம் வேறு. மாப்பிள்ளை வஜ்திக்கு ஆப்பிரிக்காவில், அபிஜானில், பெரிய கடைகள். அவன் அம்மா இன்சாஃபுடன் ஒரு மாதமாக ஃபோனிலேயே குடியிருந்து இந்தச் சம்பந்தத்தைப் பிடித்திருந்தாள். லமீஸ் அவ்வப்போது பக்கத்தில் வந்து எதையோ முணுமுணுப்பாள். வெட்கம் என்று நஜ்வா கையசைத்து அனுப்பிவிடுவாள்.

சொன்னபடி அஞ்சரைக்கு வந்துவிட்டார்கள். வஜ்தி, இன்சாஃப், கூடவே பெரிய மீசையோடு ஒரு மாமா. லமீஸ் காபித் தட்டை வைத்துவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றாள். மாமா தொண்டையைச் செருமி முறைப்படி பெண் கேட்டார். கோப்பையைத் தொடாமல் முயீனைப் பார்த்தார். பெண்ணின் அப்பா 'காபி குடிங்க' என்று சொல்லிவிட்டால் சம்மதம். அதுவரை யாரும் வாய் வைக்க மாட்டார்கள்.

முயீன் புன்னகைத்தார். "ரொம்ப சந்தோஷம். நீங்க வந்தது நல்லதாப் போச்சு. இன்னைக்குத்தான் சம்ப் வெச்சேன். பாருங்க."

அலமாரியைத் திறந்து காட்டினார். எந்தக் குழாய் எங்கே போகிறது, அழுக்கு எப்படி நுரையாகப் பொங்கி வெளியேறுகிறது, மீனின் மூத்திரத்தை எந்தக் கிருமி தின்கிறது என்று ஒன்றையும் விடவில்லை. மாமாவின் கண் காபியிலேயே இருந்தது. வஜ்தி நடுவில் புகுந்து, அபிஜான் வீட்டில் அறைக்கு அறை ஏசி இருப்பதைச் சொல்லிப் பார்த்தான். முயீன் உடனே வந்து உட்கார்ந்து, ஏசியில் மீன்களுக்குக் குளிருமா என்ற ஆராய்ச்சியில் இறங்கினார்.

நஜ்வா மேஜைக்கு அடியில் கணவரின் காலை ஓங்கி மிதித்தாள். மாமா துள்ளினார்.

"காபி ஆறுது, முயீன்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆமா, ஆமா" என்று கடிகாரத்தைப் பார்த்தார் முயீன். "நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

கரண்ட் போய்விட்டது.

ஆறு மணிக்கு அரசாங்கக் கரண்ட் போவது தெருவுக்கே தெரிந்த விஷயம். தெருவுக்குக் கரண்ட் விடும் ஜெனரேட்டர்காரர் தன் காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவார், அதுவும் தெரிந்ததுதான். அந்த இருட்டில் அலமாரிக்குள் களக் களக் என்று ஒரு சத்தம். அப்புறம் எல்லோருக்கும் பாதம் ஜில்லென்றது.

"ஐயோ, என் புது ஷூ" என்று அலறினாள் இன்சாஃப்.

வஜ்தி ஒரே தாவலில் சோபா மேல் ஏறி நின்றான். அம்மாவைத் தூக்கிவிடக் கை நீட்டவில்லை. ஃபோன் நனையாமல் உயர்த்திப் பிடிப்பதற்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது. மாமா எழுந்த வேகத்தில் காபித் தட்டும் கவிழ்ந்தது. காபி கொட்டினால் நல்ல சகுனம் என்பார்கள். மீன்தண்ணீர் கொட்டினால் என்னவென்று யாருக்கும் தெரியவில்லை.

இன்சாஃபுக்குத் தெரிந்திருந்தது. "நல்ல காரியம் பேச வந்த இடத்துல கடலே வீட்டுக்குள்ள வந்துருச்சு. இனி இந்தப் பேச்சே வேண்டாம்" என்று கிளம்பினாள். லிஃப்ட் ஓடவில்லை. ஆறு மாடியும் சளக் சளக் என்று அவள் ஷூ இறங்கிப் போவது கேட்டுக்கொண்டே இருந்தது.

வெளிச்சம் வந்தது. மேலே மீன்கள் தம் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தன. கீழே முயீன் தரையைத் துடைத்தார், லமீஸ் துணியைப் பிழிந்தாள். பிழியப் பிழியச் சிரிப்பு அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

நஜ்வாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"கரண்ட் போனா மேல்தண்ணி கொஞ்சம் கீழ இறங்கும், அதுக்கு இடம் விட்டு சம்ப்பைப் பாதிதான் நிரப்பணும். எனக்கே இது மனப்பாடம். ஊர்ல உள்ள அத்தனை மீன் பைத்தியத்துக்கும் ஃபோன்ல பாடம் எடுக்கிற ஆளு நீ. நீ போயி எப்படி விளிம்பு வரைக்கும் நிரப்பினே?"

முயீன் மகளைப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்தாள். இரண்டு பேரும் சட்டென்று குனிந்து, காய்ந்த இடத்தையே மறுபடி துடைக்க ஆரம்பித்தார்கள்.

நஜ்வா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். மகள் பக்கம் திரும்பினாள்.

"பிடிக்கலைன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

முயீன் துணியைக் கீழே வைத்தார்.

"ஒரு மாசமா சொல்றா, நஜ்வா. அவ சொல்லு உன் காதுல விழல. அதான், தண்ணியாவது உன் கால்ல விழட்டும்னு விட்டேன்."